இலையை விலக்கிய கை

காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு அத்திக்கன்று நிற்கிறது. யாரும் நட்டதில்லை. ஏதோ ஒரு பறவை எச்சமிட்டுப் போனதில் முளைத்தது. கிணற்றடி ஈரத்தைக் குடித்து என் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆனி மாதத்தில், அதன் இரண்டு இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் தையல்! நிஜமாகவே தையல். இலை ஓரத்தில் அலகால் துளை போட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் உள்ளே விட்டு இழுத்து, இரண்டு இலையையும் சேர்த்துப் பை மாதிரி ஆக்கியிருந்தது ஒரு தையல்சிட்டு. கட்டைவிரல் அளவு குருவி. டெய்லர் கடையில் ஜாக்கெட் கொடுத்துவிட்டு மூன்று வாரம் நடக்கிற நம் பெண்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

பக்கத்து வீட்டு ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எண்பது வயசு. கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"பாத்தாச்சுல்ல தம்பி? இங்கிட்டு வந்துருங்க. அது வேலையை அது பாக்கட்டும்" என்றார்.

நான் கேட்கவில்லை. சென்னையில் இருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். அவனிடம் பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ் உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கிவிட்டான். அதற்குள் குஞ்சு பொரித்திருந்தது. அவன் மண்டியிட்டான், படுத்தான், ஏணி கேட்டான். கடைசியில், "அண்ணே, அந்த ஒரு இலைதான் மறைக்குது. கொஞ்சம் பிடிச்சுக்கங்களேன்" என்றான். பிடித்தேன். கை வலித்தது. கட்டுக்கம்பியை எடுத்து இலையைப் பின்னால் இழுத்துக் கட்டினேன். வெயில் நேராகக் கூட்டுக்குள் விழுந்தது. மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்த அந்தப் படம் பிரமாதமாக வந்தது. ராத்திரிக்குள் நானூறு லைக். "கிரேட் ஷாட்", "செட்டிநாட்டு அதிசயம்", "இயற்கையை நேசிப்போம்" என்று வரிசையாகப் பாராட்டு வேறு.

மறுநாள் காலையில் கூடு காலி.

காக்கையா, செம்போத்தா, ஓணானா, எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். நான் கட்டிய கம்பி அப்படியே இருந்தது. இலை திரும்பிப் போய் மூடிக்கொள்ள முடியாமல் நின்றது. தாய்க்குருவியும் தகப்பன் குருவியும் இரண்டு நாள் அந்தக் கன்றைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. மூன்றாம் நாள் கத்தல் நின்றுவிட்டது. நானூறு லைக் போட்டவர்களில் ஒருவரும் அதற்கப்புறம் குஞ்சுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். ஏனென்றால் இது என் கொல்லையில் மட்டும் நடப்பதில்லை. வாசலில் புல்புல் கூடு கட்டினால் படம். ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் புறா முட்டையிட்டால் படம். கூட்டுக்குள் போனை நீட்டி, ஃப்ளாஷ் போட்டு, முட்டையை எண்ணி, "எங்க வீட்டு கெஸ்ட்" என்று ஸ்டேட்டஸ் வைக்கிறோம். இதற்குப் பெயர் பாசம் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். சட்டம் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. எடுத்துப் படியுங்கள். துப்பாக்கியால் சுடுவது, கண்ணி வைப்பது எல்லாம் அதில் உண்டு. காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதே விளக்கத்துக்குள்தான் வருகிறது. ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை என் கொல்லையில் நடந்தது வேட்டை. குறிபார்த்தவன் சித்தப்பா மகன். கிளையை விலக்கிக் கொடுத்தவன் நான்.

இன்னொரு வேட்டை இருக்கிறது. அது ஐப்பசியில் ஆரம்பிக்கும். ஆறுமணிக்குருவி தெரியுமில்லையா? விடியற்காலையும் அந்திசாயும் நேரமும் கணக்காகக் குரல் கொடுக்குமே, அது. ஒன்பது நிறத்தை வாரி இறைத்த மாதிரி ஒரு அழகி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. நம்மைத் தாண்டி இலங்கை வரைக்கும் போகிறது. ராத்திரி முழுக்கப் பறந்து, களைத்து, கொல்லைப்புற வாழைக்கும் முருங்கைக்கும் அடியில் சருகுக்குள் வந்து ஒண்டும். நம்ம ஆள் என்ன செய்கிறார்? போனில் அதே பறவையின் குரலைப் பதிவிறக்கி வைத்திருக்கிறார். புதரைப் பார்த்து அதைப் போடுகிறார். 'என் இடத்துக்கு எவனோ வந்துவிட்டான்' என்று பதறி அது வெளியே ஓடி வருகிறது. க்ளிக். அது உள்ளே போகிறது. மறுபடி குரல். மறுபடி பதறி ஓடிவருகிறது. மறுபடி க்ளிக். நூற்றுக்கணக்கான மைல் பறந்து வந்து, நாலு புழுவைத் தின்று தெம்பு ஏற்றிக்கொள்ள வேண்டிய பொழுதை, இல்லாத எதிரியோடு சண்டை போட்டே அது கழிக்கிறது. உங்கள் வீட்டுக்கு ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிய விருந்தாளியைக் காபிகூடக் கொடுக்காமல், "வீட்டுக்குள்ள திருடன்!" என்று பத்துத் தரம் கத்தி வாசலுக்கு ஓடவைப்பீர்களா?

கேமராவைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் மாவட்டத்திலேயே ஒரு படம் கூட்டைக் காப்பாற்றியிருக்கிறது. 2020-ஆம் வருஷம், ஊரடங்கு காலம். சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்று ஒரு கிராமம். அங்கே தெருவிளக்குகளுக்கான சுவிட்ச் பெட்டிக்குள் கருஞ்சிட்டு ஒன்று வைக்கோலும் குச்சியும் கொண்டுவந்து கூடு கட்டி முட்டையும் இட்டுவிட்டது. தினமும் சாயங்காலம் அந்தப் பெட்டியைத் திறந்து விளக்கைப் போடுகிற இளைஞர் பார்த்தார். படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். லைக்குக்காக இல்லை. 'பெட்டியைத் திறக்காமல் விடலாமா?' என்று ஊரைக் கேட்பதற்காக.

ஊர் யோசித்தது. "ஒரு குருவிக்காக ஊரே இருட்டில் கிடக்கணுமா?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். நியாயமான கேள்வி. பாம்பும் தேளும் உலவுகிற ஊர், பெண்கள் ராத்திரியில் வெளியே போகவேண்டிய ஊர். கடைசியில் பஞ்சாயத்தே முடிவெடுத்தது. விளக்கு வேண்டாம். குஞ்சு பொரித்து, இறகு முளைத்து, பறந்து போகிற வரைக்கும், ஒரு மாதத்துக்கு மேலே, அந்தத் தெருக்கள் இருட்டாகவே இருந்தன. டார்ச்சை அடித்துக்கொண்டும் போன் வெளிச்சத்திலும் நடந்தார்கள்.

நான் இலையைக் கட்டி வெளிச்சத்தை உள்ளே விட்டேன். அவர்கள் வெளிச்சத்தை அணைத்துவிட்டார்கள். இரண்டும் சிவகங்கை மாவட்டம்தான்.

இன்னும் ஒரு ஊர். எங்கள் மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று அரசாங்கம் 1977-இல் அறிவித்த இடம். பெரிய கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய், சின்னக் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய், வேட்டங்குடிக் கண்மாய் மூன்றும் சேர்ந்து 38.4 ஹெக்டேர். நூறு ஏக்கருக்கும் குறைவு. மழை பெய்து கண்மாய் நிறைந்தால், நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம் என்று வந்து கருவேல மரங்களில் அடைந்துவிடும். வேட்டை என்ற சொல் பெயரிலேயே ஒலிக்கிற ஊரில் பறவைக்கு ஒரு கல் எறிகிறவன் கிடையாது.

அங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கும் இல்லை, கோயில் திருவிழாவுக்கும் இல்லை. பல தலைமுறையாக இல்லை. கூட்டில் குஞ்சு இருக்கிற நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் தாய்ப்பறவைகள் ஒட்டுமொத்தமாக எழும்பிவிடும். குஞ்சு தவறித் தண்ணீரில் விழும். அவ்வளவுதான் காரணம். அந்தக் காரணம் அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. ஏழு வயசுப் பையனுக்குத் தீபாவளி என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பக்கத்து ஊரில் சரவெடி கேட்கும்போது இந்த ஊர்ப் பையன் கையில் அதிரசத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வனத்துறை அதிகாரிகள் வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மறுநாள் நாம் பேப்பரில் படிக்கிறோம். ஒவ்வொரு தீபாவளிக்கும் தவறாமல் வருகிற செய்தி இது, வெடி விபத்துச் செய்தி மாதிரி. "அடடா, என்ன மனசு!" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைக் கீழே வைத்து, ஊதுவத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறோம்.

கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைக்கு எதையும் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தானியம் போடவில்லை. மண்சட்டி வைக்கவில்லை. தங்களிடம் இருந்த ஒன்றை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பொத்தகுடியிலும் அதே கதை. நாம் செய்வது நேர் எதிர். எதையும் விடாமல், கொடுக்க மட்டும் கொடுக்கிறோம். கொடுப்பது சுலபம். கொடுத்தால் புண்ணியம், படம் எடுத்தால் பெருமை. விட்டால் கையில் என்ன மிஞ்சும்?

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒருவர் எழுந்து, "அப்ப காக்காய்க்குச் சோறு வைக்கிறதும் தப்பா சார்?" என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது. அவர் கோபம் நியாயம். சாப்பிடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துச் சுவரில் வைத்து "கா... கா..." என்று கூப்பிடுவது நம் வீடுகளில் இருக்கிற நல்ல பழக்கங்களில் ஒன்று. இதில் தப்பு காண நான் முட்டாள் இல்லை. சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஒருவர், மொட்டை மாடியில் பலகை அடித்து, சம்பாத்தியத்தில் பெரும்பகுதியைச் செலவழித்து, ஆயிரக்கணக்கான கிளிகளுக்குத் தினம் இரண்டு வேளை அரிசி போட்டார். நேரில் பார்த்தவர்கள் பரவசப்பட்டார்கள். அவரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நாள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்துவிட்டு ரீல்ஸ் போடுகிற காரியம் இன்னொன்று.

ஆனால் தானியம் போட்டால் பறவை பிழைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோமே, அங்கேதான் கோளாறு. சிட்டுக்குருவியையே எடுத்துக்கொள்வோம். பெரிய குருவி அரிசி தின்னும், கம்பு தின்னும். குஞ்சு தின்னாது. முதல் சில நாட்களுக்கு அதற்குப் புழுவும் பூச்சியும்தான் ஆகாரம். தாயும் தகப்பனும் நாளெல்லாம் பறந்து பறந்து பூச்சி பிடித்துக் கொண்டுவந்து ஊட்டவேண்டும். நாம் என்ன செய்கிறோம்? கொல்லையில் மருந்தடித்துப் பூச்சி இல்லாமல் பண்ணிவிட்டு, ஒரு கிண்ணம் அரிசியை வைத்துவிட்டு, "வரமாட்டேங்குதே" என்று உச்சுக் கொட்டுகிறோம். பச்சைப் பிள்ளைக்குப் பாலைப் பிடுங்கிக்கொண்டு முறுக்கைக் கொடுக்கிற கதை.

குருவி எங்கே போச்சு என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: செல்போன் டவர். 2018-இல் ஷங்கர் '2.0' படம் எடுத்த பிறகு அது கிட்டத்தட்ட வேதவாக்காகிவிட்டது. டவர்தான் குருவியைக் கொன்றது என்பதற்குப் போதுமான ஆதாரம் இதுவரை இல்லை. 2020-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. நம் வாட்ஸ்அப் மாமாக்களுக்கு இது பிடிக்காது. டவர்தான் காரணம் என்றால் குற்றவாளி ஏதோ ஒரு கம்பெனி. இல்லையென்றால் குற்றவாளி என் வீட்டு சிமெண்ட் தரை. எது சௌகரியம் என்று சொல்லவேண்டுமா? மார்ச் 20 சிட்டுக்குருவி தினத்துக்கு அட்டைப்பெட்டிக் கூடு வாங்கி மாட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும்.

தானியம் போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே தட்டில் தினம் நூறு பறவை வந்து வாய் வைத்தால் நோய் பரவும். வீட்டுத் தோட்டத்தில் தீனி வைப்பதை ஒரு தேசியப் பழக்கமாகவே வைத்திருக்கும் பிரிட்டனில், 2005 வாக்கில் க்ரீன்ஃபிஞ்ச் என்ற சின்னப் பறவையைப் புறாக்களிடமிருந்து வந்த ஒரு தொண்டை நோய் பிடித்தது. தீனித்தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் அது பரவ வழியாயின. எங்கு பார்த்தாலும் இருந்த அந்தப் பறவை 2021-இல் ஆபத்திலிருக்கும் பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. அன்பாகக் கொடுத்த தட்டுதான். மும்பை கதை சமீபத்தியது. தாதரில் புறாக்களுக்குக் காலங்காலமாகத் தானியம் கொட்டிய கபூதர்கானாவை 2025 ஆகஸ்டில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். எச்சத்தால் மனிதர்களுக்கு நுரையீரல் நோய் வருகிறது என்று ஒரு பக்கம், புண்ணியத்தைத் தடுக்காதே என்று இன்னொரு பக்கம், நடுவில் நீதிமன்றம். இந்தச் சண்டையில் புறாவின் கட்சி எது என்று யாருக்குத் தெரியும்?

தண்ணீர் வைக்கலாம். சித்திரை, வைகாசியில் அவசியம் வையுங்கள். ஆனால் மண்சட்டியைத் தினம் கழுவி வையுங்கள். கழுவச் சோம்பலாக இருந்தால் வைக்கவே வேண்டாம். மிக்சர், பிஸ்கட், உப்புப் போட்ட மிச்சச்சோறு எதுவும் வேண்டாம். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

நான் சண்டை போட வந்தது வேறு விஷயத்துக்கு. எங்கள் ஊர் வீடுகளுக்கு.

செட்டிநாட்டு வீடு என்றால் சினிமாக்காரர்களுக்கு முகப்பும் பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும்தான். குருவிக்கு அந்த வீடு வேறு மாதிரி. நடுவில் வானத்தைப் பார்த்துத் திறந்த வளவு. அங்கே காயப்போட்ட நெல், வற்றல், வடகம். காவலுக்கு உட்கார்ந்த ஆயா கையில் ஒரு நீளக் குச்சி இருக்கும். அந்தக் குச்சியால் ஒரு குருவிகூட அடிபட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. தூணின் தலையில், உத்தரத்தின் சந்தில், நாட்டு ஓட்டின் இடுக்கில் குருவி கூடு கட்டும். கீழே பந்தியில் உட்கார்ந்தவன் இலையில் வைக்கோல் விழும். எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவான். புதுக்கதிர் வந்தால் குஞ்சம் கட்டி முகப்பில் தொங்கவிடுவார்கள். அழகுக்கு அழகு, குருவிக்குத் தீனி.

பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் போனால் கொல்லை. கிணறு. துவைக்கிற கல்லிலிருந்து வழிகிற தண்ணீரில் வாழை. முருங்கை, கருவேப்பிலை, நார்த்தை, வேலியோரம் நொச்சி. ஒரு மூலையில் யாரும் கைவைக்காத புதர். "அங்க போகாத, பூச்சி கிடக்கும்" என்று பிள்ளைகளை மிரட்டுகிற மூலை. அந்த மூலைதான் பறவையின் வீடு. தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டியதும், செம்போத்து திருடன் மாதிரி நடந்ததும், ஆறுமணிக்குருவி வந்து இறங்கியதும் எல்லாம் அந்த மூலையில்தான்.

இப்போது? பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பங்காளிகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் படைப்புக்கு வந்து திறக்கிறார்கள். திறந்திருக்கிற வீட்டில் வளவுக்கு மேலே கம்பிவலை அடித்தாயிற்று. சில இடங்களில் பிளாஸ்டிக் கூரையே போட்டாயிற்று. கேட்டால், "குருவி எச்சம் போடுது, வெள்ளைக்கரு பூசின சுவரு வீணாப்போகுது" என்கிறார்கள். அந்தச் சுவருக்காக ஆயிரக்கணக்கில் முட்டை உடைத்தவர்கள் நாம்தான். இப்போது அதே சுவரைக் காப்பாற்றக் குருவி முட்டையிடவும் இடமில்லாமல் பண்ணுகிறோம்.

கொல்லையோ இன்னும் மோசம். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகரத்துக்காரனுக்கு மண் ஆகாது போலிருக்கிறது. புதரை வெட்டு, தரைக்கு சிமெண்ட் போடு, பேவர் கல் பதி, கார் நிறுத்து. "கிளீனா இருக்கு பாருங்க சார்" என்று காட்டுகிறார்கள். கிளீனாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கிறது. அந்த சிமெண்ட் தரையின் ஒரு மூலையில், ஆன்லைனில் வாங்கிய கலர்க் கூண்டு வீடு ஒன்று, அதன் முன்னால் ஒரு கிண்ணம் கம்பு, அதற்கெதிரே ஜன்னலில் தயாராக ஒரு கேமரா. பறவையின் வீட்டை இடித்துவிட்டு, அதற்கு ஒரு பொம்மை வீடு வைத்து, அது வந்தால் படம் எடுக்கக் காத்திருக்கிறோம்!

திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்காரர்களுக்கு இந்தக் 'கிளீன்' வியாதி பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். குளத்தில் மட்டுமில்லை, ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்திலும் கொல்லை மரத்திலும் நாரைகள் கூடு கட்டுகின்றன. நாரைக்கூடு என்றால் தையல்சிட்டுக் கூடு மாதிரி நாசூக்கான விஷயமில்லை. மேலேயிருந்து எச்சம் கொட்டும். பாதி தின்ற மீன் விழும். வாடை வீட்டுக்குள் வரும். ராத்திரி தூங்கவிடாமல் குஞ்சுகள் கத்தும். துணி காயப்போட முடியாது. அந்த ஊர்க்காரர்கள் மரத்தை வெட்டவில்லை. நாலு ரூபாய்க்குக் கம்பு வாங்கி வைப்பதைவிட, நாலு மாசம் வாடையைச் சகித்துக்கொள்வது பெரிய காரியம். அதைப் படமெடுத்துப் போட முடியாது. வாடைக்கு லைக் இல்லை.

"அப்ப பாக்கவும் கூடாதா?" என்பார்கள் அடுத்து. பாருங்கள். நன்றாகப் பாருங்கள். நம்மால் முடியாத காரியமே அதுதான். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1950-இலிருந்து 1996-இல் இறக்கும் வரை 46 வருஷம் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் எழுதினார். புலியும் யானையும் மட்டுமில்லை, காக்கை, மைனா, அணில், பல்லி என்று கண்ணெதிரே திரிகிறவற்றையெல்லாம் எழுதினார். நல்ல புகைப்படக்காரரும்கூட, தானே கோத்து முடுக்கிய கேமராவை வைத்துக்கொண்டு படம் எடுத்தவர். தமிழில் அவர் எழுதியதை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். வாங்கிப் படியுங்கள். ஒரு லென்ஸின் விலைக்கு ஒரு ஊருக்கே வாங்கிக் கொடுக்கலாம்.

சும்மா பார்க்கச் சலிப்பாக இருந்தால் எண்ணுங்கள். 2015-இலிருந்து தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கலை ஒட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குறைந்தது பதினைந்து நிமிஷம் ஒரே இடத்தில் நின்று என்னென்ன வந்தது, எத்தனை வந்தது என்று குறித்து அனுப்பினால் போதும். கொல்லையில் நின்றுகூடச் செய்யலாம். போன பொங்கலுக்கு நான் நின்றேன். பதினைந்து நிமிஷம் போனைத் தொடாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காக்கை ஆறு, தவிட்டுக்குருவி ஏழு, மைனா இரண்டு, வால்காக்கை ஒன்று, தேன்சிட்டு ஒரு ஜோடி. தையல்சிட்டின் குரல் மட்டும் கேட்டது. குரல் கேட்டாலும் கணக்கில் சேர்க்கலாமாம். சேர்த்தேன்.

ஆடி பிறந்ததும் சித்தப்பா மகன் போன் பண்ணினான்.

"அண்ணே, இந்த வருஷம் தையல்சிட்டு வந்துச்சா?"

"வந்துச்சுடா."

"கூடு கட்டிருக்கா?"

"கட்டிருக்கு."

"சூப்பர்ணே! எந்தச் செடியில? சனிக்கிழமை கிளம்பி வர்றேன்."

"அது தெரியலையேடா. எங்கேயோ கட்டிருக்கு. சத்தம்தான் கேக்குது" என்றேன். முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வதைவிடப் போனில் சொல்வது சுலபமாகத்தான் இருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஆச்சி சிரிப்பது கேட்டது.